தண்ணி பட்ட பாடு

பேருந்தில் அவர் பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் பலர் நின்றுகொண்டே வருவார்கள். உட்கார்ந்தால் தீர்ந்தது. உங்கள் கணினியில் இருக்கிற மென்பொருள் விலை கொடுத்து வாங்கியதா, கடைக்காரன் கள்ளத்தனமாக ஏற்றிக் கொடுத்ததா என்று ஆரம்பித்துவிடுவார். நீங்கள் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விடும், அவர் பேச்சு முடியாது. கட்டற்ற மென்பொருள், கட்டற்ற மென்பொருள் என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லிச் சொல்லி மனிதருக்குப் பெயரே கட்டற்றவர் என்றாகிவிட்டது. தபால்காரர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் வீட்டுக்கு வழி கேட்டார்.

அவர் சொன்னதில் தப்பு ஏதும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், உள்ளே எப்படி எழுதியிருக்குன்னு பிரிச்சுப் பார்க்கலாம், பிடிக்கலைன்னா திருத்தலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கலாம். இதை விட்டுட்டு எதுக்குங்க அடுத்தவன் பூட்டைத் திருட்டுச் சாவி போட்டுத் திறக்கணும்?" என்பார். நியாயமான கேள்வி. பாலிடெக்னிக்கில் கணினி ஆய்வகப் பொறுப்பாளர் வேலை. அங்கே அத்தனை கணினியிலும் லினக்ஸ் என்கிற கட்டற்ற இயங்குதளத்தை ஏற்றியதே அவர்தான். அதோடு விட்டாரா? படம் வரைகிற கட்டற்ற மென்பொருளான இங்க்ஸ்கேப்பில், திரையில் வரும் கட்டளைப் பட்டியல்களைத் தமிழில் மாற்ற நண்பர்கள் சேர்ந்து வேலை செய்தபோது, பாதிக்கு மேல் மாற்றியவரும் இவர்தான். ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறார். அப்பேர்ப்பட்ட மனிதர்.

இவர் பேச்சைக் கேட்டு நிஜமாகவே மாறியவர்கள் ஊரில் எத்தனை பேர் என்று பார்த்தால், தலையாட்டினவர்கள் நிறைய, மாறினவர்கள் சொற்பம். அந்தச் சொற்பத்தில் ஒருத்தி அவருடைய கொழுந்தியாள், மனைவியின் தங்கை.

அவள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அச்சகம் வைத்திருந்தாள். முன்னறையில் அச்சு இயந்திரமும் காகிதம் வெட்டும் இயந்திரமும், உள்ளறையில் இரண்டு கணினிகள், ஒரு சுழல் நாற்காலி, ஒரு ஸ்டூல். அழைப்பிதழ், விசிட்டிங் கார்டு, கடைத் திறப்பு நோட்டீஸ். வாய்த் துடுக்கு அதிகம். கார்டில் பெயருக்குப் பின்னால் நாலு பட்டம் போடச் சொன்ன ஒருவரிடம், "பின்பக்கமும் அச்சடிக்கணும்ங்க, பரவாயில்லையா?" என்று கேட்டவள் அவள். அவளையே வாயடைக்க வைத்தவர் இவர் ஒருவர்தான்.

அது ஒரு குடும்ப விருந்தில் நடந்தது. பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, சம்பந்தி வீட்டார் முன்னாலேயே, "ஏம்மா, தொழில் முழுக்கத் திருட்டு மென்பொருள்லதானே ஓடுது? உனக்கு வெட்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவள் சிரிக்கவில்லை. முகம் சிவந்து, போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து கை கழுவப் போனாள்.

ரோஷக்காரி. அடுத்த வாரமே அவரைக் கூப்பிட்டு இரண்டு கணினியிலும் பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதை ஏற்றச் சொன்னாள். அதுவரை அவளிடம் வேலை பார்த்த வடிவமைப்பாளர், கைதேர்ந்த ஆள், இரண்டு நாள் பார்த்தார். "அக்கா, இதுல எனக்குக் கை வரல" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். அவர் பின்னாலேயே பழைய வாடிக்கையாளர்களும் போனார்கள். சுழல் நாற்காலியில் அவளே உட்கார்ந்து பழக வேண்டியதாயிற்று. தலையால் தண்ணீர் குடித்தாள் என்பார்களே, அப்படித்தான். ஒருநாள் அவரிடம் கேட்டாள்.

"மாமா, நிஜமாச் சொல்லுங்க. உங்களுக்கு இது கஷ்டமாவே இல்லையா?"

"எனக்கா?" என்று கடகடவென்று சிரித்தார் அவர். "தண்ணி பட்ட பாடு!"

அவள் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

இப்போது உள்ளதைச் சொல்லிவிடலாம். கட்டற்றவர் வீட்டுக் கணினியைத் திறந்தால் இரண்டு வழி காட்டும். ஒன்றில் போனால் லினக்ஸ். விருந்தாளிகள் வந்தால், மாணவர்கள் வந்தால் அந்த வழி. இன்னொன்றில் போனால் அவர் கல்லூரிக் காலத்திலிருந்து கை பழகிய, விலை அதிகமான அந்த வரைகலை மென்பொருள், காசு கொடுக்காமல் பூட்டை உடைத்து ஏற்றியது. கடிதம் எழுத, கணக்குப் போட, பாடம் எடுக்க எல்லாம் அவர் யோக்கியர்தான். நோட்டீஸ், சான்றிதழ், சுவரொட்டி என்று ஏதாவது வரைய வேண்டும் என்றால் மட்டும், "இந்த ஒரு தடவை" என்று அந்தப் பக்கம் போய்விடுவார். அந்த ஒரு தடவை வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்தது. மனைவிக்கு மட்டும் தெரியும். கணினி திறக்கும்போது அவர் எந்த வழியில் போகிறார் என்று அடுக்களையிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, சின்ன வீட்டுக்குக் கிளம்பியாச்சா?" என்பாள். அவர் அசடு வழிவார்.

அந்த வருஷம் மென்பொருள் விடுதலை நாளை நூலகக் கூடத்தில் பெரிதாக நடத்துவது என்று முடிவாயிற்று. பேச்சாளர் அவர். சுவரொட்டி அச்சடிப்பது கொழுந்தியாள். நூலகர் மெனக்கெட்டு ஒரு தனியார் பள்ளியின் தலைமையாசிரியையை வரச் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் பள்ளியின் ஆய்வகத்தை லினக்ஸுக்கு மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஆண்டு மலரை யாரிடம் கொடுக்கலாம் என்றும் தேடிக்கொண்டிருந்தார். அந்த மலர் வேலை மட்டும் கிடைத்துவிட்டால் கொழுந்தியாளின் அச்சகம் தலை நிமிர்ந்துவிடும், கிடைக்காவிட்டால் கடையைக் காலி செய்கிற யோசனையில் இருக்கிறாள் என்று மனைவி அவர் காதில் போட்டிருந்தாள்.

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவரொட்டிக்கு உட்கார்ந்தார். முதலில் ஒழுங்காக இங்க்ஸ்கேப்பைத்தான் திறந்தார். கூண்டிலிருந்து ஒரு பறவை வெளியே வருவது போல வரைய வேண்டும். இறக்கையை வளைத்தால் வால் வளைந்தது, எழுத்தை நகர்த்தினால் கூண்டு நகர்ந்தது. காபி ஆறிப்போயிற்று. தானே தமிழில் மாற்றிய சொற்கள் பட்டியலில் வரிசையாக நின்று அவரைப் பார்த்தன. எந்தச் சொல்லை அழுத்தினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. நாளை மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். கணினியை அணைத்தார், திறந்தார், அந்த வழியில் போனார். மதியச் சாப்பாட்டுக்குள் சுவரொட்டி கண்ணைப் பறிக்கிற மாதிரி தயாராகிவிட்டது. எப்போதும் போல அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரியும் சேர்த்தார். 'இந்தச் சுவரொட்டி முழுக்க முழுக்கக் கட்டற்ற மென்பொருளில் உருவாக்கப்பட்டது.' கை தானாகவே அடித்துவிட்டது. பிடிஎஃப் ஆக்கிக் கொழுந்தியாளுக்கு அனுப்பினார்.

மறுநாள் அவள் போனில் பேசினாள். "மாமா, ஃபைல் வந்துச்சு. ரொம்ப அழகா இருக்கு. அந்தக் கடைசி வரி மட்டும்... அது இருக்கணுமா?"

"நல்லாக் கேட்டே போ! அதை எடுத்துட்டா அப்புறம் போஸ்டர் எதுக்கு?"

அந்தப் பக்கம் அச்சு இயந்திரம் ஓடுகிற ஒலி மட்டும் கேட்டது.

"சரிங்க மாமா" என்று வைத்துவிட்டாள். ஏன் கேட்டாள் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

விழாவன்று நூலகத்துக்குள் நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சுவர் முழுக்கச் சுவரொட்டிகள். கூண்டு இருந்தது, பறவை இருந்தது, அதே நீலம், அதே மஞ்சள். ஆனால் இது அவருடையது அல்ல. எழுத்து வேறு. பறவையின் இறக்கை கொஞ்சம் தடிமனாக, ஆனால் நிஜமாகவே பறக்கிற மாதிரி விரிந்திருந்தது. அடியில் அந்தக் கடைசி வரி மட்டும் அச்சு அசல் அப்படியே.

கொழுந்தியாள் மேடைக்குப் பக்கத்தில் மடிக்கணினியை இணைத்துக்கொண்டிருந்தாள். அவர் கிட்டப் போனார்.

"என்னம்மா, மாத்திட்டியா?"

"ஃபைலோட பண்புகள்ல பார்த்தேன் மாமா" என்றாள், தலையைத் தூக்காமல்.

அவள் தொழிலுக்கு வந்த புதிதில் இவர்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்: எந்தக் கோப்பு வந்தாலும் அச்சுக்கு விடுவதற்கு முன்னால் அதன் பண்புகளைத் திறந்து பார், உள்ளே என்னென்ன எழுத்துரு இருக்கிறது என்று அங்கேதான் தெரியும் என்று. எழுத்துருவுக்கு மேலேயே இன்னொரு வரி இருக்கும், எந்த மென்பொருளில் உருவாக்கியது என்று. அனுப்புகிற அவசரத்தில் அவர் அதை மறந்தே போனார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டார், அதுவும் தன் பாடத்திலேயே.

"அந்த வரி வேணும்னீங்க. பொய்யா அச்சடிக்க எனக்கு மனசு வரல. அதான் மொத்தத்தையும் நானே திரும்ப வரைஞ்சேன்." கம்பியைச் செருகிவிட்டு நிமிர்ந்தாள். "யார்கிட்டயும் சொல்லல. அக்காகிட்டகூட."

திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. அவருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து மறுபடி அதே பையில் செருகினார்.

கூட்டம் தொடங்கிவிட்டது. நூலகர் நல்ல மனிதர், வாயைத் திறந்தால் பாராட்டு மட்டும்தான் வரும். "வாசலில் பார்த்தீர்களே, அந்தச் சுவரொட்டி! விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவும் இல்லாமல் நம்முடைய கட்டற்றவர் தம் கையாலேயே செய்தது" என்றார். கைதட்டல். அவர் எழுந்து கும்பிட்டார். கும்பிட்ட பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது. மூன்றாவது வரிசையில் மனைவி அவரையே பார்த்தாள். அவளுக்குச் சின்ன வீட்டு விவகாரம் தெரியும், சுவரொட்டி மாறிய விவகாரம் தெரியாது. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

முதல் வரிசையிலிருந்து தலைமையாசிரியை எழுந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேசுகிற அம்மாள். "சார், இலவசமா கிடைக்கறதுல இவ்வளவு நல்லா வரும்னு நான் நினைக்கவே இல்ல. எங்க ஆண்டு மலரை நீங்களே வடிவமைச்சுக் கொடுங்களேன். அச்சு வேற எங்கயாவது போட்டுக்கறோம்."

இது வினையாயிற்றே. இப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"அது... நானும் எங்க கொழுந்தியாளும் சேர்ந்துதான் செஞ்சோம்" என்றார்.

கொழுந்தியாள் மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்படியா, நல்லது. ஒண்ணு கேக்கலாமா? எங்க டீச்சர்களுக்கு இது சுலபமா இருக்குமான்னு பார்க்கணும். அந்தப் பறவையை மட்டும் பச்சையா மாத்திக் காட்டுங்களேன், இங்கயே, எங்க முன்னாடி."

மூலக் கோப்பு திரையில் ஏற்கெனவே திறந்திருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுப்பதற்காக அவள் கொண்டுவந்திருந்தாள். அவர் போய் உட்கார்ந்தார். பறவையை அழுத்தினார். கீழே வண்ணப்பட்டையில் பச்சையைத் தட்டினார். பறவை பச்சையாயிற்று. கூண்டும் பச்சையாயிற்று. வானம், எழுத்து, கடைசி வரி, எல்லாமே பச்சை. மொத்தச் சுவரொட்டியும் பாசி பிடித்த குளம் மாதிரி ஆகிவிட்டது. கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரத்து செய்தார், மறுபடி அழுத்தினார், மறுபடி எல்லாம் பச்சை. பட்டியலைத் திறந்தார். அவர் சண்டை போட்டு வாங்கிய சொற்கள் அத்தனையும் அங்கே இருந்தன. ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, மைக்கில் சொன்னார்.

"இந்த மென்பொருள் சில நேரம் இப்படித்தான் மக்கர் பண்ணும்."

தலைமையாசிரியை கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "அதானே பார்த்தேன்" என்றார். "இலவசம்னா இப்படி ஏதாவது ஒண்ணு இருக்கத்தானே செய்யும். பிள்ளைங்க விஷயத்துல நான் பரீட்சை பண்ணிப் பார்க்க முடியாது சார்." கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அவர் திரும்பிக் கொழுந்தியாளைப் பார்த்தார். பந்தியில் அன்று சிவந்ததே, அதே முகம். அன்று அவள் எழுந்து கை கழுவவாவது போனாள், இன்று போவதற்கு இடமில்லை. வடிவமைப்பாளர் போனார், வாடிக்கையாளர்கள் போனார்கள், இப்போது மலரும் போகிறது. எல்லாம் இவர் பேச்சைக் கேட்டதால். போவதும் இவர் பேச்சாலேயே.

"அம்மா, ஒரு நிமிஷம்" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "மென்பொருள்ல கோளாறு இல்ல. எனக்குத்தான் தெரியல."

மைக்கைக் கிட்ட இழுத்துக்கொண்டார்.

"இந்தச் சுவரொட்டி நான் செஞ்சது இல்ல. சேர்ந்து செஞ்சோம்னு சொன்னதும் பொய். நான் ஒண்ணு செஞ்சேன். அது திருட்டு மென்பொருள்ல செஞ்சது. வருஷக்கணக்கா அப்படித்தான் செய்யறேன். அதுக்கு அடியில இந்த வரியையும் போட்டு அனுப்பினேன். எங்க கொழுந்தியா அதைக் கண்டுபிடிச்சு, தூக்கிப் போட்டுட்டு, மொத்தத்தையும் புதுசா வரைஞ்சா. கைதட்டல நான் வாங்கிக்கிட்டேன்." பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. நூலகத் தரை மொசைக் தரை, அது எங்கே பிளக்கப்போகிறது?

நூலகர், பாவம், கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு கையையும் பாதி வழியில் நிறுத்தி வைத்திருந்தார்.

கொழுந்தியாள் பெருமூச்சு விட்டாள். "நகருங்க மாமா" என்றாள். அவர் எழுந்ததும் நின்றபடியே குனிந்து பறவையை இரண்டு தடவை தட்டினாள், பச்சையைத் தட்டினாள். பறவை மட்டும் பச்சையாயிற்று. "எல்லாத்தையும் ஒரு மூட்டையாக் கட்டி வச்சிருக்கேங்க. மூட்டைக்குள்ள போய்த்தான் தனியாத் தொடணும். பழகினா வந்துடும்" என்றாள் தலைமையாசிரியையிடம். பிறகு அவரைப் பார்க்காமலே, "மாமா பழகல, அவ்வளவுதான்" என்றாள்.

தலைமையாசிரியை கண்ணாடி வழியாகப் பறவையைப் பார்த்தார், கொழுந்தியாளைப் பார்த்தார், அவரைப் பார்க்கவே இல்லை. "உங்க கடை எங்கம்மா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டார். "இந்த வாரத்துல ஒருநாள் வந்து உட்கார்ந்து பார்க்கறேன். அப்புறம் சொல்றேன்" என்று போய்விட்டார். மலர் கிடைத்ததா என்றால், அன்றைக்குக் கிடைக்கவில்லை. கதவு மட்டும் சாத்தாமல் நின்றது.

கூட்டம் கலைந்தது. எப்போதும் அவரைச் சுற்றி நாலு பேராவது நிற்பார்கள். அன்று எல்லாருக்கும் அவசர வேலை இருந்தது. மனைவி வந்து பக்கத்தில் நின்றாள், கேலி செய்யவில்லை, அது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. கொழுந்தியாள் சுவரொட்டிகளைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தாள். அவர் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிடும்மா. அன்னிக்குப் பந்தில உன்னைப் போய் வெட்கமா இல்லையான்னு கேட்டேன்."

"அதை விடுங்க மாமா. நீங்க கேட்டது சரிதான், எனக்கு வெட்கமாத்தான் இருந்துச்சு." ஒட்டுநாடாவை உரித்து உருட்டிக் கீழே போட்டாள். "திருட்டு மென்பொருள் வச்சிருந்தீங்கன்னும் எனக்குக் கோபமில்ல. நானும் இத்தனை வருஷம் அதைத்தானே வச்சிருந்தேன்."

"பின்ன?"

அவள் கை நின்றது.

"டிசைன் பண்றவர் போனப்புறம், கடைக் கதவைச் சாத்திட்டு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? மாமாவுக்குத் தண்ணி பட்ட பாடா இருக்கு, எனக்கு ஒரு கோடு நேரா வரமாட்டேங்குது, நான் அவ்வளவு மக்கான்னு. உங்ககிட்ட வந்து கேட்டேன் மாமா. வாயைத் திறந்து கேட்டேன். 'எனக்கும் வரலம்மா'ன்னு அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா..."

முடிக்காமல் சுவரொட்டியை இழுத்தாள். அது அவர் கையிலிருந்து நழுவி அவள் பக்கம் போயிற்று. அக்கா வந்து அவள் முதுகைத் தடவினாள். அவள் தோளைக் குலுக்கி விலகிக்கொண்டாள்.

வாழ்நாள் முழுக்க ஊரைப் பார்த்துப் பேசிய மனிதர் அவர். மேடையில் அத்தனை பேர் முன்னால் சொல்ல முடிந்தது, இந்த ஒருத்தியிடம் அந்தச் சின்ன வாக்கியத்தைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"எனக்கும் வரலம்மா" என்றார்.

"இப்பத் தெரியுது" என்றாள் அவள். சுருட்டிய சுவரொட்டிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மடிக்கணினிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

மனைவி அவர் கையைத் தொட்டாள். "வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

"நீ போ. நான் அவ கடைக்குப் போறேன், பழகணும்."

"அவ கூப்பிட்டாளா?"

"இல்ல" என்றார் அவர். கொழுந்தியாள் விட்டுப்போன ஒரு சுவரொட்டி தூணில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கிழியாமல் உரித்து எடுத்துக்கொண்டு, அவள் போன வழியில் நடந்தார்.